பதினான்கு பெட்டிகளும் என் மைத்துனனும்

என் மனைவியின் அண்ணன் எவாரிஸ்தோ பிறந்ததிலிருந்து ஒரு தவறும் செய்ததில்லை. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். லாரியை ஆற்றுக்குள் இறக்கினானே, அது ஆற்றின் தவறு. என் கல்யாணத்தன்று முழு ஆட்டைக் கரியாகும்வரை சுட்டானே, அது காற்றின் தவறு. லாரி மெக்கானிக், ஆளும் லாரி மாதிரிதான் இருப்பான். இருபது வருஷமாக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவனோடு வாயடிக்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்காது. இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

என் பெயர் கான்ராதோ. பூமியின் தென்கோடியில் உள்ள கொயாய்க்கே ஊர்க் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களுக்குக் குளிர்காலம் மே மாதம் வரும், செப்டம்பருக்கு முன்னால் போகாது. வீட்டுக்கு வீடு விறகடுப்பு. சமைப்பது, குளிர்காய்வது, துணி உலர்த்துவது, மாத்தே என்கிற இலைத்தேநீருக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் அதில்தான். காற்றில்லாத நாட்களில் புகை மலைகளைத் தாண்டிப் போக முடியாமல் ஊர்மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அரசாங்கம் வைத்த பெரிய அளவுமானி ஊரில் ஒன்று இருக்கிறது. அது நிற்கும் இடத்தில் காற்று எப்படி என்று கச்சிதமாகச் சொல்லும். நாலு தெரு தள்ளி எப்படி என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

அதற்காகத்தான் மார்ச் மாதம் என் வீட்டையும் சேர்த்துப் பதினான்கு வீட்டுச் சுவர்களில் பதினான்கு சின்னப் பெட்டிகளை மாட்டினேன். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு இருக்கும். உள்ளே குட்டி விசிறி ஒன்று காற்றை இழுக்கும்; அதில் எவ்வளவு தூசு என்று எண்ணி மணிக்கொரு தடவை என் கணினிக்கு அனுப்பும். பெட்டி இல்லாத தெருக்களைக் கணக்குப் போட்டு நான் நிரப்புவேன். பக்கத்துப் பக்கத்து இடங்களில் காற்று ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், இந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் பெரிதாக மாறிவிடாது என்பதுதான் கணக்கின் அடிப்படை. தெருவின் மேடுபள்ளம், குளிர், காற்றின் வேகம், புகைபோக்கிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அதோடு சேர்த்தால் ஊர் முழுவதற்கும் மணிக்கு மணி வரைபடம் கிடைக்கும். பச்சை என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். சிவப்பு என்றால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

கணக்கு பொய் சொல்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் ஒரு பரீட்சை வைப்பேன். ஒரு பெட்டியை மறைத்துவிட்டு, அங்கே எவ்வளவு இருக்கும் என்று மற்ற பதின்மூன்றையும் வைத்து ஊகிப்பேன். பிறகு மறைத்த பெட்டியின் எண்ணைத் திறந்து பார்ப்பேன். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைப் போலத்தான். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள்.

எவாரிஸ்தோவின் வீடு ஊருக்குக் கீழே, ஓயாடா என்ற பள்ளத்தில் இருக்கிறது. அங்கே பெட்டி மாட்டிய அன்று, மற்ற வீட்டுக்காரர்களிடம் சொன்னதை அவனிடமும் சொன்னேன்.

"மச்சான், இது உனக்காக மூச்சு விடப்போற மெஷின். வெயில், மழை எல்லாம் தாங்கும். குளிர் மட்டும் ஆகாது. பாட்டரி செத்துடும். கொஞ்சம் பாத்துக்க."

அவன் பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டான். விசிறி முனகியது.

"பாவம், குவாச்சோ," என்றான். தாயில்லாத ஆட்டுக்குட்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஜூன் கடைசியில் பிராந்திய அலுவலகத்திலிருந்து செல்மிரா அம்மையார் கூப்பிட்டார். இருபது வீடுகளுக்கு விறகடுப்பை எடுத்துவிட்டுப் பெல்லட் அடுப்பு கொடுக்கப்போகிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில் எரிகிற அடுப்பு. அதில் புகை என்பது பேருக்குத்தான். இருபதும் ஒரே பேட்டைக்குப் போகும், காற்று மிக மோசமாக உள்ள பேட்டைக்கு. எது மோசம் என்பதை என் வரைபடத்தை வைத்து வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

எனக்கு உடனே அனாயிஸ் ஞாபகம்தான் வந்தது. எவாரிஸ்தோவின் மகள். ஒன்பது வயது. போன குளிர்காலத்தில் மட்டும் மூச்சுத்திணறி மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் அம்மா துறைமுகத்து மீன் ஆலையில் வேலை பார்க்கிறாள், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். ஆகவே மூன்று தடவையும் அந்த லாரி மனிதன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். டாக்டர் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. புகையில்லாத வீடு வேண்டும் என்றார்.

ஓயாடா பள்ளம். புகை போய்த் தேங்குகிற இடம். சிவப்பு அங்கேதான் இருக்கும் என்று நினைத்து வரைபடத்தைத் திறந்தேன். ஓயாடாவின் நடுவில் பச்சை.

காரணம் குவாச்சோ. மற்றப் பெட்டிகள் சேர்ந்து நூற்றைம்பது என்று ஊகித்த நாட்களில் அது நாற்பத்தைந்து என்றது. மே இருபதாம் தேதியிலிருந்து இப்படி. அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் கணக்கு சுற்றியிருந்த தெருக்களுக்கும் பச்சை அடித்திருந்தது. மற்றபடி வரைபடம் நன்றாகவே இருந்தது. குறிப்பாக என் தெரு. வீடு வீடாகப் போய் ஈர விறகு எரிக்காதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொன்னதன் பலன், மே கடைசியிலிருந்து பளிச்சென்று பச்சை. ஊகத்துக்கும் அளவுக்கும் அங்கேயும் இடைவெளி இருந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எவாரிஸ்தோ வீட்டில் சாப்பாடு. அவன் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. அனாயிஸ் அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா என்று கூப்பிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், பிறகு இருமினாள்.

"மச்சான், அந்தப் பெட்டிய ஏதாவது பண்ணியா?" என்று கேட்டேன்.

அவன் கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்தப் பெட்டி?"

"குவாச்சோ."

"நான் ஏன் அதத் தொடப்போறேன்? எனக்கு வேற வேல இல்லயா?"

"சுத்தி இருக்கற இடமெல்லாம் நூத்தம்பதுன்னா உன் வீடு மட்டும் நாப்பத்தஞ்சாம். மச்சான், உன் சட்டயத் தட்டினாலே நாப்பத்தஞ்சு வரும்."

"அப்ப என் வீடு சுத்தம்னு அர்த்தம். உனக்கு வயித்தெரிச்சல்."

"பச்ச வெறகப் போட்டு எரிக்கறவன் வீடு சுத்தமா? யாராவது கேட்டா சிரிப்பாங்க. உண்மையச் சொல்லு. சிவப்பு வந்தா அசிங்கம்னு எதையாவது அடச்சு வச்சியா?"

அவன் முகம் காதுவரை சிவந்தது. "என் சோத்தத் தின்னுட்டு என்னையே திருடன்ங்கறியா? எந்திரி மாப்ளே. உன் மெஷின நீயே கழட்டிட்டுப் போ."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. புள்ள பாக்குது," என்றாள் என் மனைவி மிரேயா.

நான் கோபத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே காருக்குப் போய்விட்டேன். பெட்டி வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகைக்கு மேலே இருந்தது. பத்தடி நடந்திருந்தால் போதும். ஆனால் நான் எண்களைக் கணினியில் பார்த்தே பழகியவன், சுவரை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பத்தடியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

வீடு திரும்பும்போது மிரேயா கேட்டாள்: "அந்த ஒரு பெட்டியத் தூக்கிட்டுக் கணக்குப் போட்டா என்ன வரும்?"

"ஓயாடா சிவப்பு. ஊர்லயே மொதல் எடம்."

"அப்பறம் என்ன?"

"எனக்குப் பிடிக்காத எண்ணத் தூக்கிப் போட ஆரம்பிச்சா அது கணக்கா? அதுவும் மச்சான் வீட்டு எண்ணு. நாளைக்கு வேற பேட்டைக்காரன் வந்து, உன் பொண்டாட்டியோட அண்ணனுக்காகத்தானே எடுத்தன்னு கேட்டா என்ன சொல்றது? காரணம் தெரியாம எடுக்க மாட்டேன், மிரேயா."

"உங்க நேர்மையக் கொண்டுபோய் அடுப்புல வைங்க," என்றாள். கொஞ்சதூரம் போனபின், "புள்ள ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்குதாம்," என்றாள். அதன் பிறகு வாரம் முழுக்க என்னோடு அவள் அதிகம் பேசவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. அனாயிஸ் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் அந்த எண்ணில் நான் கைவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தீயணைப்பு வீரர்கள் கூடத்தில் கூட்டம். எண்பது பேர் இருப்பார்கள். பெட்டி மாட்டிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், எவாரிஸ்தோவைத் தவிர. செல்மிரா முன்வரிசையில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வரைபடத்தைச் சுவரில் காட்டினேன். இருப்பதிலேயே சிவப்பு மேட்டுப் பேட்டை. ஓயாடா பச்சை. ஓயாடாக்காரர்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"ஒரு விஷயம்," என்றேன். "ஓயாடாப் பெட்டி சொல்றதும் மத்த பெட்டிங்க சொல்றதும் ஒத்துப்போகல. எனக்குக் காரணம் தெரியல. காரணம் தெரியாம அத ஒதுக்க எனக்கு உரிமை இல்ல. அந்தப் பெட்டி இருக்கறது என் மச்சான் வீட்டுல. அதையும் சொல்லிடறேன்."

"அப்படின்னா வரைபடம் காட்டறபடி மேட்டுப் பேட்டைக்குத்தான் கொடுக்கணும், இல்லயா?" என்றார் செல்மிரா.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவு திறந்தது. எவாரிஸ்தோ வந்தான், வேலை உடையில், கையில் ஒரு மாவுச் சாக்கோடு. யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்கு வந்தான். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து வரைபடத்தின் வெளிச்சத்தில் வைத்தான்.

ஆட்டுக்கம்பளி. நூற்காத வெள்ளைக் கம்பளியைத் தட்டையாக்கி, ஓரத்தைத் தைத்து, ரொட்டி அளவுக்கு ஒரு சட்டை. கழுத்தில் நாடாகூட இருந்தது. தையல் கோணல்மாணலாக இருந்தது, மெக்கானிக் தைத்த தையல்.

"நான்தான் போட்டேன்," என்றான். அவன் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "மே இருபது. மைனஸ் பன்னண்டு. குழாய்க்கெல்லாம் கம்பளி சுத்தினேன். இது வெளியில முனகிக்கிட்டுக் கெடந்துச்சு. குவாச்சோவுக்குத் தைக்கற மாதிரி ஒண்ணு தச்சுப் போட்டேன். ஞாயித்துக்கெழம மாப்ள கேட்டப்ப சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கூடம் சிரித்தது. சிரிக்காமல் எப்படி? அந்த உருவமும் அந்தச் சட்டையும். அவன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"மாப்ள மேல கோவம். ஏணி போட்டு ஏறி, ஒண்ணும் ஆகலன்னு போட்டோ எடுத்து அவன் மூஞ்சில எறியலாம்னு இன்னிக்குக் காலைல ஏறினேன்." கம்பளியைத் திருப்பினான். சுவர்ப்பக்கம் இருந்த பாதி வெள்ளையாகவே இருந்தது. வெளிப்பக்கம் சட்டி அடி மாதிரி கறுத்திருந்தது. "ஆறு வாரம். இது உள்ள போகாம வெளியில நின்னது. மெஷினுக்குச் சட்ட தச்சுப் போட நான் இருந்தேன். என் பொண்ணு அதே சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கா. அவ நெஞ்சுக்கு நான் என்னத்தத் தச்சுப் போடறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் என் மைத்துனனைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எண்பது பேர் முன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வரிசையில் உபர்லிந்தா அம்மாள் மெதுவாகக் கையை உயர்த்தினார். ஆற்றங்கரை முனையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். என் நான்காம் பெட்டி அவர் கடைச் சுவரில்தான் இருக்கிறது.

"தம்பி, என்னோடதுக்கும் ஒரு தொப்பி போட்டிருக்கேன். தப்பா?"

"என்ன தொப்பிம்மா?"

"பின்னின தொப்பிதான். சேப்பு. குஞ்சம் வச்சது."

பின்னாலிருந்து ஒருவர், "நான் பழைய ஸ்வெட்டர் கையை மாட்டினேன்," என்றார். இன்னொருவர் தலையணை உறைக்குள் கம்பளியை அடைத்துச் சுற்றியிருந்தார்.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, குளிர் ஆகாது, பாட்டரி செத்துடும், பாத்துக்கங்கன்னு," என்றார் உபர்லிந்தா. "மே வந்தா குழாயச் சுத்தறோம், உருளக்கெழங்கச் சுத்தறோம். நம்ம மெஷின மட்டும் விட்டுட முடியுமா?"

இதே ஊரில் பிறந்தவன் நான். வருஷாவருஷம் மே மாதம் என் வீட்டுக் குழாய்க்கும் கம்பளி சுற்றுகிறவன். பதினான்கில் நாலு பெட்டி கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மேடுபள்ளத்தையும் காற்றின் வேகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்களைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

"வேற யாராவது உண்டா?" என்று கேட்டேன்.

சுவரோரமாக ஒரு கை உயர்ந்தது. மிரேயா.

"நம்ம வீட்டுது," என்றாள். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "மெஷின் ஒறஞ்சிடுமோன்னு நீங்கதான் பொலம்பிக்கிட்டே இருந்தீங்க. உங்க பழைய மஃப்ளர எடுத்துச் சுத்தினேன். நம்ம தெரு பச்சையாயிடுச்சுன்னு தெனம் காலைல அவ்வளவு சந்தோஷமாச் சொல்வீங்களே... இதனாலன்னு எனக்கு இப்பதாங்க ஒறைக்குது."

கூடம் இடிந்து விழுந்துவிடும் போலச் சிரித்தது. செல்மிரா நோட்டால் வாயை மறைத்துக்கொண்டார். தினமும் காலையிலும் மாலையிலும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் போய்வந்துகொண்டிருந்தேன். மஃப்ளரைக் காணோமே என்று வேறு ஒரு மாதம் தேடியிருந்தேன்.

"தப்பு என்னுது," என்றேன்.

"கேக்கல, மாப்ளே," என்றான் எவாரிஸ்தோ. "பின்வரிசைக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவ சொல்லு."

"தப்பு என்னுது, மச்சான்."

"ஆங். இப்பச் சரி."

அன்று சாயங்காலமே ஐந்து கம்பளிகளும் கழன்றன. மே இருபதிலிருந்து அந்த ஐந்து பெட்டிகளும் சொன்னதை ஒதுக்கினேன். இப்போது காரணம் என் கையில், கறுப்பாக, நாடாவோடு இருந்தது. முடிவைத் தள்ளிவைக்கும்படி செல்மிராவிடம் கேட்டேன். பத்து நாள் தருகிறேன், பெட்டிகள் வெறும் உடம்போடு இருக்கட்டும், வருகிற எண்களைப் பார்த்துவிட்டுப் பட்டியல் போடுவேன் என்றார். உபர்லிந்தாவுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தொப்பிய மெஷின் மேல படாம பக்கத்துல தொங்கவிடட்டுமா தம்பி என்று இரண்டு தடவை போன் செய்தார்.

பத்து நாளும் காலையில் எழுந்ததும் அந்தப் பரீட்சையை வைத்தேன். அக்கம்பக்கத்தார் சொல்வதும் வீட்டுக்காரர் சொல்வதும் நாளுக்கு நாள் நெருங்கி வந்தன. என் தெரு மஞ்சளுக்குப் போனது, இரண்டு நாள் சிவப்புக்கும் போனது. கல்லூரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் என் மேஜைமேல் யாரோ ஒரு மஃப்ளரை மடித்து வைத்திருந்தார்கள்.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். ஓயாடா, நூற்று அறுபத்து மூன்று. மேட்டுப் பேட்டை நூற்றுப் பத்தைக்கூடத் தொடவில்லை. செல்மிராவுக்கு அனுப்பினேன். அரைமணியில் பதில் வந்தது: இருபது அடுப்பும் ஓயாடாவுக்கு.

உடனே எவாரிஸ்தோவுக்குப் போன் போட்டேன்.

"மச்சான்! நூத்தி அறுபத்தி மூணு!"

"என்னது?"

"நூத்தி அறுபத்தி மூணுடா! நீதான் மொதல்! ஊர்லயே மோசம் உன் எடந்தான்! அடுப்பு உனக்கு!"

அவன் கோல் விழுந்ததைப் போலக் கத்தினான். நானும் கத்தினேன். கல்லூரித் தாழ்வாரத்தில் நின்று சுவரைத் தட்டிக் கத்தினேன். "நூத்தி அறுபத்தி மூணு, நூத்தி அறுபத்தி மூணு" என்று இரண்டு பேரும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போது போனில், அவனுக்குப் பின்னால் எங்கோ, அனாயிஸ் இருமினாள். ஒரு தடவை ஆரம்பித்த இருமல் நிற்கவில்லை. அவன் கத்துவதை நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த எண் என்ன என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

இருமல் ஒருவழியாக ஓய்ந்தது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்:

"மாப்ளே, அடுப்பச் சீக்கிரமா கொண்டாரச் சொல்றியா?"